சிவப்பு வண்டிக்கு எத்தனாம் நம்பர் ஆயில்

எஞ்சின் ஆயில் விற்பவனிடம் யாரும் யோசனை கேட்டு வருவதில்லை. வீட்டிலேயே எடுத்துவிட்ட முடிவுக்கு ஆதரவாக இன்னோர் ஆளைச் சேர்த்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நீங்கள் விற்றது மருந்தாக இருக்கலாம், உரமாக இருக்கலாம், செருப்பாகக்கூட இருக்கலாம். நம் எல்லோருக்கும் வந்த நோய் ஒன்றுதான்.

நான் ஆயில் விற்க வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன் பதினெட்டு வருடம் நான் விற்றது கருத்து. கடலூரிலும் சிதம்பரத்திலும் நான் ஏறாத மேடை இல்லை. மூன்று முறை சிறைக்கும் போய் வந்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில்தான். இன்றைக்கும் கையில் ஒரு தாளைக் கொடுத்தால், கடைசி வரியில் இருக்கும் அச்சகத்தின் பெயர்வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

சேர்ந்த நாள்

நான் ஒரு பஸ் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். அங்கே நாங்கள் நடத்திய ஸ்டிரைக் பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் எல்லோரும் மன்னிப்புக் கடிதம் எழுதி உள்ளே போனார்கள். பாதிப் பேருக்குக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். எனக்கு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஜில்லாவில் எந்த ஒர்க்‌ஷாப்பும் எந்த லாரி ஆபீசும் என்னை வாசலில் நிற்க விடவில்லை. வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும். மனைவி ரவிக்கை தைத்த வருமானத்தில் நாலு பேர் சாப்பிட்டோம்.

ஒன்றரை வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் யூசுப் பாய். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவருக்கு ஆயில் கடை இருந்தது. எட்டு பேரல், ஒரு கைப்பம்பு, ஒரு லிட்டர் குவளை. உட்கார நாற்காலி கிடையாது. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முதல் நாளே சொன்னார்: "உங்கள பத்தி நாலு பேரு நாலு விதமா சொன்னாங்க தலைவரே, நான் எதயும் காதுல போட்டுக்கல. நம்ம ஆயிலால ஒரு எஞ்சின் ஜாம் ஆச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னா மட்டும், அன்னைக்கே நீங்க வீட்டுக்குப் போயிடணும்."

பாஸ் மார்க்

ஆயிலுக்கு நம்பர் உண்டு. முப்பது என்றால் இளக்கம், நாற்பது கொஞ்சம் கெட்டி, ஐம்பது நல்ல கெட்டி. எஞ்சினுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி நம்பர் மாறும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கம்பெனிப் பிரசுரத்தில் படித்து ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டேன். ஆனால் வாங்க வருபவர்கள் பிரசுரம் படிப்பதில்லை, விரலால் படிப்பார்கள். குவளையில் ஒரு விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கடைசியில் சட்டையில் துடைத்துக்கொண்டு, "தண்ணியா இருக்கே" என்பார்கள்.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். புது டிராக்டர். அதன் புத்தகத்தில் முப்பது என்று போட்டிருந்தது. முப்பது ஏன், எதற்கு என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். பொதுக்கூட்டத்தில்கூட அவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க மாட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், பையனுடைய பள்ளிக்கூடத்து விவகாரம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முப்பத்தஞ்சுக்குக் கீழ எடுத்தா ஃபெயிலுங்களே, அத எப்படிங்க புது வண்டிக்கு ஊத்தறது?"

பிரெஞ்சு வெயில்

அந்த வண்டி வந்த அன்று சந்தே வெளியே வந்து நின்றது. சிவப்பு நிறம், இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கார். ஓட்டி வந்தவர் சபாநாயகம், சிதம்பரத்தில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்த பிள்ளை, முப்பது வயது இருக்கும். புதுச்சேரியை விட்டு ஊருக்குப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியதாம். வண்டியோடு வந்த புத்தகமும் பிரெஞ்சு. எந்த நம்பர் ஆயில் ஊற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் லூர்துசாமியைக் கூட்டி வந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டு, பென்ஷனோடு மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தவர். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "குளிர்காலத்துல இருவது, வெயில் காலத்துல முப்பது. அவ்ளோதான் மச்சான் போட்டுருக்கான்." அந்த நாட்டு வெயில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நம்ம மார்கழி மாதிரி. உச்சி வெயில்லயும் கோட்டு போட்டுக்கினு நிப்பான்" என்றார். அவர்கள் கோடை நம் மார்கழி என்றால், முப்பது என்பது நம் மார்கழிக்கு. மற்ற மாதங்களுக்கு நாற்பது. சித்திரை, வைகாசியில் வேகமாக ஓட்டினால் ஐம்பது. இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது லூர்துசாமியே என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். நாற்பதாம் நம்பரைக் குவளையில் பிடித்தேன். சபாநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் ஒரு நெல் லாரிக்கும் அதே பேரலிலிருந்து பாய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"லாரிக்கும் நாப்பது, இதுக்கும் நாப்பதுன்னா, அப்புறம் இது என்னாத்துக்குங்க செவப்பா இருக்குது?"

பழைய தோழர்

அந்த நாட்களில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் என்னோடு ஒரே மேடையில் பேசியவர், ஒரே தட்டில் சிறைச்சோறு தின்றவர். இப்போது ஒன்றியத்தில் ஏதோ ஒரு நாற்காலியில் இருந்தார். அவருடைய முதல் சொற்பொழிவை எழுதிக் கொடுத்தவன் நான். அதில் ஒரு பாராவை இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. என்னைப் பார்த்ததும் தோளில் கை போட்டார். கையில் ஆயில் பட்டதும் எடுத்துக்கொண்டார். சிவப்பு வண்டிக்கு என்ன ஊற்றுகிறேனோ அதையே ஜீப்புக்கும் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இரண்டும் நாற்பதுதான் என்று நான் சொல்லவில்லை.

போகும்போது டிரைவருக்குக் கேட்கும்படியே சொன்னார்: "நீ மட்டும் கொஞ்சம் வாய அடக்கியிருந்தா, இந்த ஜீப்புல பின் சீட்டாவது கெடச்சிருக்கும்யா."

ஆமணக்குச் சொற்பொழிவு

வாய் அடங்கவில்லை என்பதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையே சாட்சி. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். சபாநாயகம் வந்தார். சென்னைக்குப் பக்கத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கிறது, தானும் ஓட்டப் போவதாகச் சொன்னார். அதற்கென்று தனி ஆயில் இருக்குமே என்று கேட்டார். இருந்தது. அந்த வாரம்தான் கம்பெனிக்காரர்கள் வழுவழுத் தாளில் ஒரு பிரசுரம் அனுப்பியிருந்தார்கள். பந்தயக் கார்களுக்காக ஆமணக்கு எண்ணெயைச் சுத்தம் செய்து, மருந்துகள் சேர்த்துத் தயாரித்த ஆயில், சீல் வைத்த டின்னில். சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும்.

இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய தோழர் தோளிலிருந்து கையை எடுத்த இடம் இன்னும் அரித்துக்கொண்டிருந்தது. நான் பேரல் மீது ஒரு கையை ஊன்றினேன். நம் மண்ணில் விளைந்த ஆமணக்கு கப்பல் ஏறிப் போகிறது, வெள்ளைக்காரன் அதை ஊற்றிப் பந்தயத்தில் ஜெயிக்கிறான், பிறகு அதையே டின்னில் அடைத்து, மேலே படம் ஒட்டி, நம்மிடமே விற்கிறான், நாம் மூன்று வாரம் கைகட்டிக் காத்திருக்கிறோம் என்று பேசினேன். சபாநாயகம் கை தட்டினார். எனக்குக் கைதட்டல் கிடைத்து நாலு வருடம் ஆகியிருந்தது. பிரசுரத்தின் கடைசிப் பாராவில், சின்ன எழுத்தில், இதை வேறு எந்த ஆயிலோடும் கலக்கக் கூடாது, சாதாரண ஆமணக்கு எண்ணெயை எஞ்சினில் ஊற்றவே கூடாது என்று இருந்தது. அதை நான் படித்திருந்தேன். ஆனால் கூட்டத்தில் கடைசிப் பாராவை யாரும் வாசிப்பதில்லை. கைதட்டல் அதற்கு முன்பே வந்துவிடும். அவர் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னதையும் நான் கோஷம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"நம்மூரு செக்குல இருக்கறத உட்டுட்டு, டின்னுக்காக எதுக்குங்க மூணு வாரம் நிக்கணும்?"

சிதம்பரத்து வாசனை

பத்து நாள் கழித்து, சிதம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் கடைக்கு வந்தார். என் பழைய கம்பெனிக்காரர். அன்று மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்களில் முதல் ஆள். அதனால் என்னிடம் எப்போதும் ஊர்ச் செய்தி எதையாவது கொடுத்துவிட்டுப் போவார். சிதம்பரம் தேரோடும் வீதிகளில் ஒரு சிவப்புக் கார் காலையும் மாலையும் சுற்றுகிறது, போன பிறகு கால் மணி நேரத்துக்கு ஒரு வாசனை நிற்கிறது என்றார். என்ன வாசனை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெளக்கெண்ணெய்தான் தலைவரே. எங்க தெருவுல அந்தக் காரு சத்தம் கேட்டாலே புள்ளைங்கல்லாம் வாயப் பொத்திக்குதுங்க, வயித்துக்குக் குடுக்க வராங்கன்னு."

கடை வாசலில் விசாரணை

அன்றே சபாநாயகத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: "வண்டியை எடுக்க வேண்டாம். விவரம் நேரில்." கார்டு சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் வண்டி கடலூர் வந்து சேர்ந்தது. புதுச்சத்திரம் தாண்டி, ஆயில் மீட்டரின் முள் கீழே விழுந்து, எஞ்சின் சுத்தியலால் அடித்ததுபோல் நாலு சத்தம் போட்டு நின்றதாம். மணிலாக்கொட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணி. சந்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். லூர்துசாமி காருக்கு அடியில் படுத்து, எஞ்சினுக்குக் கீழே ஆயில் தங்கும் சம்ப்பின் போல்ட்டைக் கழற்றினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. குச்சியை விட்டுக் குடைந்தார். பழுப்பு நிறத்தில் ஒன்று மெதுவாக இறங்கி, பாதியில் நின்று, தொங்கியது. கூட்டத்தில் யாரோ, அதிரசத்துக்குப் பாகு பதம் தப்பினால் இப்படித்தான் ஆகும் என்றார்கள்.

இருந்த நாற்பதாம் நம்பரோடு செக்கு எண்ணெயையும் ஊற்றி ஓட்டியிருக்கிறார் சபாநாயகம். "உங்க கடைத் தலைவரு சொல்லித்தான் ஊத்தினேன்" என்று பாயிடம் சொன்னார். பாய் என் பக்கம் திரும்பி, "சொன்னீங்களா?" என்று கேட்டார். நான் பேசியபோது கடையில் வேறு யாரும் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செக்கில் வாங்கச் சொல்லவில்லை என்பது உண்மையும்கூட. போலீசிடம் எத்தனையோ முறை இல்லை என்று சொன்னவன்தான் நான். வீட்டில் நாலு சாப்பாடு. ஆனாலும் முப்பது பேர் கூடி நிற்கும்போது, பேசிய பேச்சைப் பேசவில்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. "சொன்னேன். கலக்கக் கூடாதுன்னு ஒரு பாரா இருந்தது, அத மட்டும் சொல்லல" என்றேன். பிறகு லிட்டர் குவளையைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன், வீட்டுக்குப் போவதற்காக.

பாய் குனிந்து அந்தப் பாகை ஒரு விரலால் தொட்டார். கட்டைவிரலோடு தேய்த்தார். இழுத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அவரும் விரலால் படிப்பவர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"நம்ம பேரல்ல இந்த நாத்தம் கெடையாது. ஆயிலு நம்மளது இல்ல, வாய் மட்டும்தான் நம்மளது. சட்டைய மாட்டிக்கினு சிதம்பரம் போங்க தலைவரே, சுத்தம் பண்ணிக் குடுத்துட்டு வாங்க."

வழித்த கதை

ஆறு நாள் ஆயிற்று. சபாநாயகத்தின் அரிசி மில்லில், உமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வண்டியைக் கட்டி இழுத்துப் போய் நிறுத்தி, லூர்துசாமி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். மூங்கில் பத்தையால் வழிப்பது, மண்ணெண்ணெயில் ஊற வைப்பது, துணி சுற்றிய கம்பியை ஆயில் போகும் ஓட்டைகளில் விட்டு இழுப்பது எல்லாம் என் வேலை. பேரிங் ஒன்று தேய்ந்திருந்தது, மற்றவை பிழைத்துக்கொண்டன. சபாநாயகம் வெட்கப்பட்டுக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருப்பார். டீ மட்டும் வேளை தவறாமல் வரும். மூன்றாம் நாள், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரை எனக்கு ஞாபகம் இல்லை. என்னை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த மில் வாசலில் நான் வந்து பேசியிருக்கிறேன். பேசியது எனக்கும் ஞாபகம் இருந்தது, நல்ல கூட்டம். பேசிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை.

"மொதலாளி காருக்கு நீங்க ஏன் தலைவரே வழிச்சிக்கினு கெடக்கறீங்க?" என்று கேட்டார். என் பேச்சால் வந்தது, நான்தான் வழிக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தோளில் இருந்த சாக்கை மடித்துக்கொண்டே, நியாயமான விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்: "அப்போ எங்களுக்குப் பேசனதையும் ஒரு நாளு வந்து வழிச்சிட்டுப் போங்க. பதினாறு பேரு வேலை போயி இன்னும் வெளியதான் நிக்கிறாங்க."

மறுநாள் டீ கொண்டு வந்த சபாநாயகத்திடம், அந்தப் பதினாறு பேரைப் பற்றிக் கேட்டேன். மேடைக் குரலில் இல்லை, கேட்கிற குரலில். நாங்கள் பேசியது இருபது நிமிடம் இருக்கும். கடைசியில் அவர் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார்: "எஞ்சினு பத்திக் கேளுங்க, கட்டுப்படறேன். மில்லு எங்க அப்பா கையில இருக்குங்க தலைவரே."

ஓடுதளம்

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தது. என்ன ஆயில் என்று சபாநாயகம் இந்த முறை என்னிடம் மட்டும் கேட்டார். ஐம்பது என்றேன். ஓடுதளத்தில் மர நிழல் கிடையாது, சிமெண்ட் தரை, எஞ்சின் மூச்சு விட நேரம் இல்லாமல் முழு வேகத்தில் ஓடும், கோடை வேறு பிறந்துவிட்டது, இளக்கமான ஆயில் அந்தச் சூட்டில் தண்ணீராகிவிடும். புது ஆயிலை ஊற்றி ஒரு நாள் ஓட்டி, அதைக் கீழே வடித்துவிட்டு மறுபடியும் புதிதாக ஊற்ற வேண்டும், அப்போதுதான் பழைய பிசுக்கு போகும் என்றும் சொன்னேன். அந்த ஆயிலின் பிரசுரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். சின்ன எழுத்துகளையும் வாசித்தேன். அச்சகத்தின் பெயரையும் வாசித்தேன். அவர் கை தட்டவில்லை. இரண்டாம் தடவை ஊற்ற வேண்டிய டின்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கடை வாசலில் வண்டி வந்து நின்றது. மாட்டு வண்டி இல்லாமல், தானாகவே வந்து நின்றது. பாய் முதலில் பார்த்தது வண்டியின் அடியில் சொட்டுகிறதா என்று. நான் பார்த்தது சபாநாயகத்தின் முகத்தை. பதினோரு வண்டிகள் ஓடியதாம். மூன்று வண்டிகள் புகைந்து பாதியிலேயே நின்றுவிட்டன. இவர் கடைசி வரைக்கும் ஓட்டியிருக்கிறார். அப்படியென்றால் எத்தனாவது என்று பாய் கேட்டார்.

"எட்டாவது பாய். ஓடி முடிச்சதே எட்டு வண்டிதான். ஆயிலு முள்ளு ஒரு நூலுகூட எறங்கல, அதயே பாத்துக்கினு ஓட்டினதுல ரோட்டப் பாக்க மறந்துட்டேன்."

பதினெட்டு வருடம் மேடையிலும் பிறகு கடையிலும் பேசி இந்த வாய் பஸ், மில் என்று எதை எதையோ நிறுத்தியிருக்கிறது. அதில் என்னால் மறுபடியும் ஓட வைக்க முடிந்தது அந்தச் சிவப்பு வண்டி ஒன்றைத்தான்.